அந்தக் கருவிக்கு வாயைத் திறக்க மாட்டேன்

நான் செய்தது சரிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் நீங்களும் என் வீட்டுக்காரர் கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

திருமானூரில் திருவிழாப் பட்டிமன்றம். பத்து வருடம் வகுப்பறையில் தொண்டை கிழியக் கத்திய எனக்கு முதல் மேடை. நோட்டீஸில் பெயர்கூட அச்சாகிவிட்டது. எட்டே நாள் இருக்கும்போது தொண்டையின் வலப்பக்கம் வீங்கிக்கொண்டது. எச்சில் இறங்கவில்லை. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பேசினால், சூடான இட்லியை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

மாமியார் டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்நாக்கு ஒரு பக்கமா வுழுந்துட்டு. உச்சி முடியப் புடிச்சு இழுத்தா மேல ஏறிக்கும்" என்றார். இழுத்தார். உள்நாக்கு அசையவில்லை, ஒரு கொத்து முடிதான் கையோடு வந்தது. (அவர் சொன்னதிலும் பாதி சரி. உள்நாக்கு ஒரு பக்கம் தள்ளித்தான் இருந்தது.)

மறுநாள் பெரம்பலூர் ஆஸ்பத்திரி. வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு வீட்டுக்காரரோடு பஸ்ஸில் போனேன். மேடை போய்விடுமோ என்று வழியெல்லாம் அழுகை.

"டான்சில் பக்கத்துல சீழ் கட்டியிருக்கா, வெறும் வீக்கமான்னு தெரியணும்" என்றார் டாக்டரம்மா. "சீழ்னா ஊசியால உறிஞ்சி எடுத்துடலாம். ஸ்கேன் பாத்துடுவோம்."

ஸ்கேன் அறையில் அவர் கையில் எடுத்த கருவியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீளமாக, ஒல்லியாக. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். மாசமாக இருந்தபோது கீழ்வழியாக உள்ளே விட்டுப் பார்த்த கருவி. அதற்கும் தொண்டைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!

பையிலிருந்த பட்டிமன்ற நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்: 'இது எதுக்குன்னு எனக்குத் தெரியும்.'

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நல்லா சுத்தம் பண்ணி, புது உறை போட்டிருக்குங்க. ஒல்லியா இருக்கறதால தொண்டைக்கும் இதான் வசதி."

"தொறயேன். என்கிட்ட பேசறப்ப மட்டும் எப்புடித் தொறக்குது?" என்றார் வீட்டுக்காரர்.

நான் உதட்டை இறுக்கிக்கொண்டு பெரிதாக எழுதினேன்: 'மாட்டேன்.'

"சரிங்க, வாயும் சரியாத் திறக்கல. வெளியிலேருந்தே பாக்குறேன்." தாடைக்குக் கீழே பசையைத் தடவி, வேறொரு கருவியை வைத்து அழுத்தினார். திரையில் டான்சில் ஓரமாகக் கருப்பாக ஒரு குட்டை. "இதோ, இதான் சீழ்."

வெற்றி! வெளியிலேயே தெரியும் என்றால் அது எதற்கு என்று எழுதிக் கேட்டேன். "உள்ள வச்சா இன்னும் தெளிவாத் தெரியுங்க" என்றார். (இந்தப் பதிலை நான் வீட்டில் யாரிடமும் ஞாபகப்படுத்துவதில்லை.) மரத்துப்போக மருந்து அடித்து ஊசியை எடுத்தபோது மட்டும், மறுபேச்சில்லாமல் திறந்த மட்டும் திறந்தேன்.

எட்டாம் நாள் குரல் வந்துவிட்டது. மேடையேறினேன். நடுவர் என் பெயரைச் சொல்ல, ஒருவர் மைக்கை வாய்க்கு நேரே நீட்டினார். நீளமாக, ஒல்லியாக. என்னையறியாமல் உதடு இறுகிக்கொண்டது. கூட்டமே காத்திருந்தது. முன்வரிசையிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "புது உறைதான்! தைரியமா பேசு!"

இப்போது நான் நிறைய மேடை ஏறுகிறேன். ஒவ்வொரு மேடையிலும் அவர் அதையே கத்துகிறார், பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். கத்தட்டும். மைக்கின் உறையைத் தொட்டுப் பார்க்காமல் நான் இன்றுவரை வாயைத் திறந்ததில்லை.