ஆறு கம்பிச் சிலை

ராக் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த பேஸ்காரர் ஓய்வு பெற்று இருபது வருஷம் கழித்து, அவர் முகம் போட்ட டீ-ஷர்ட் திடீரென்று நாகரிகமாகிவிட்டது. பாட்டைக் கேட்டவர்கள் குறைவு. சட்டையைப் போட்டுக்கொண்டவர்கள் அதிகம். மக்கள் உணர்வுக்கு மதிப்பளிக்கும் நகராட்சி, பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருக்கு முழு உருவச் சிலை வைத்தது.

சிலையின் கையிலிருந்த கிட்டாருக்கு ஆறு கம்பி. அவர் ஆயுசு முழுக்க வாசித்ததோ நாலு கம்பி பேஸ் கிட்டார்.

"போனாப் போகுது தம்பி," என்றார் கூடவே இருக்கும் அக்கா. "மூக்கை நல்லாத்தானே வச்சிருக்காங்க."

அவருக்கு மனசு ஆறவில்லை. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகம் போனார். சிலைப் பிரிவு அலுவலர் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"ரெண்டு குறையுதே. எங்க தொலைச்சீங்க?"

"தொலைக்கலை சார். இதுக்கு நாலுதான்."

"சிலையில ஆறு இருக்கு. சிலைக்கு ஆணை இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

"பாட்டு இருக்கு சார்."

அலுவலர் தன் கைப்பேசியில் பாட்டைப் போட்டார். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் பாடகர் கத்தினார், டிரம்ஸ் அதிர்ந்தது. பேஸ் மட்டும் கேட்கவில்லை.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"அடியில சார். தனியாக் கேக்காது. நான் இல்லைன்னா பாட்டு நிக்காது."

"கேக்காததை எப்படிங்க கோப்புல எழுதறது?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

விவகாரம் நிபுணர் குழுவுக்குப் போனது. குழுத் தலைவர் பேஸ்காரரின் முகம் போட்ட டீ-ஷர்ட்டில் வந்து, பேஸ்காரரிடமே, "அந்தக் காலத்துல நீங்க ஆறு கம்பியில பின்னி எடுப்பீங்க. வயசாச்சு, மறந்திருக்கும்" என்றார். பத்தாம் நாள் கடிதம் வந்தது: 'மரபுச் செல்வத்திலிருந்து இரு கம்பிகளை உரிய முன் அனுமதியின்றி நீக்கியமைக்குத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? குறையை நிவர்த்தி செய்து, பொதுமக்கள் முன்னிலையில் வாசித்து மெய்ப்பிக்கவும். தவறின், கருவி கையகப்படுத்தப்படும்.'

நாற்பது வருஷம் நெஞ்சோடு கிடந்த கிட்டார். வேறு வழியில்லாமல் அதில் துளை போட்டு இரண்டு கம்பி சேர்த்தார். துளை போடும் சத்தம் நிற்கும்வரை அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

குறித்த நாளில் நகராட்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. பேஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முடித்ததும் கூடமே எழுந்து நின்று கைதட்டியது. அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் பழைய சத்தம் வந்திருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்த அக்கா கேட்டார்: "தம்பி, ஸ்பீக்கர் வயரு சுத்தினது சுத்தினபடியே இருக்கே? இதைச் சொருகாம கிட்டார்ல சத்தமே வராதே?"

"சொருக மறந்துட்டேன்க்கா. பாதியிலதான் ஞாபகம் வந்துச்சு."

"நிறுத்திட்டுச் சொருக வேண்டியதுதானே?"

"எல்லாரும் ரசிச்சுத் தலையாட்டிட்டு இருந்தாங்க." கிட்டாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "முன் வரிசையில நீயும்தான்."