ஒரே சன்னலை இருவர் அளந்த வீடு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் திரைச்சீலை தைப்பதற்காகப் புது வீட்டின் சன்னலை அளந்துகொண்டிருந்தார். டேப் நழுவியபோது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தது.

"ரொம்ப நன்றிங்க. நாலடி வருதா?"

"நாலே கால். காலையிலேயே நான் அளந்துட்டேன்."

திரும்பிப் பார்த்தார். அரைக்கால் சட்டையும் கழுத்தில் தொங்கும் விசிலுமாக ஓங்குதாங்கான ஓர் ஆள் நின்றிருந்தார்.

"நீங்க?"

"இந்த வீட்டை வாங்கியிருக்கிறவன். நீங்க திரை தைக்கிறவர்தானே? அப்படியே சமையலறை சன்னலையும் அளந்துடுங்க."

"யோவ், வீட்டை வாங்கியிருக்கிறது நான்!"

இருவரும் ஒரே நேரத்தில் பையிலிருந்து அக்ரிமென்ட்டை உருவினார்கள். ஒரே வீடு, ஒரே தேதி, கீழே ஒரே கையெழுத்து. விசில்காரர் கால்பந்து ரெஃப்ரி. தான் சொன்னதற்கு மேல் பேச்சில்லை என்றே வாழ்ந்து பழகியவர்.

கண்ணாடிக்கடைக்காரர் வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மனைவி பாத்திரங்களையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு ஒற்றைச் சட்டியில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் பின்கட்டில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். இரண்டு தாள்களையும் மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் என் கையெழுத்துதான் தம்பி. அன்னைக்கு ரெண்டு பேர் வந்த மாதிரிதான் இருந்துச்சு. நமக்குத்தான் பார்வை சரியில்லையே, அதே ஆள்தான் திரும்பி வந்திருக்காரு போலன்னு மறுபடியும் போட்டுட்டேன்."

"யார் முதல்ல வந்தது?"

"முகம் தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?"

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. கையோடு அவரைக் கடைக்கு அழைத்துப் போய்ப் பரிசோதித்து, நல்ல கண்ணாடியாகப் போட்டுக் கொண்டுவந்து உட்கார வைத்தார். "இப்ப என் முகத்தைப் பாருங்க."

வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"ஐயய்யோ! என் வீடா இது? ஓடெல்லாம் உடைஞ்சு, சுவரெல்லாம் பொரிஞ்சு... இதைப் போயா உங்க தலையில கட்டப் பார்த்தேன்? பத்திரப்பதிவு எல்லாம் அப்புறம் தம்பி. மனசே ஆறலை."

செய்தி கேட்ட மனைவி கரண்டியை வைத்துவிட்டுக் கணவரையே பார்த்தாள்.

"கண்ணு தெரியாம வித்துட்டிருந்த மனுஷனுக்குக் கண்ணாடி போட்டு, விக்க விடாம பண்ணிட்டு வந்திருக்கீங்க. இதுக்கு நீங்க கடையிலேயே இருந்திருக்கலாம்."

அவளுடைய மாமா வக்கீல். பஸ்ஸில் அடிபட்டவர்களுக்கு வாதாடித்தான் பழக்கம். ஆனாலும் எந்த வழக்குக்கும் பயப்பட மாட்டார்.

"கோர்ட்டுக்குப் போனா உன் பேரன்தான் போய்த் தீர்ப்பு வாங்குவான், மாப்ளே. வீட்டு மேல யாருக்கு உண்மையான அக்கறைன்னு கிழவருக்குக் காட்டு. முதல்ல கூரைக்கு ஓடு மாத்து. தானா உன் பக்கம் சாய்வாரு."

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் ஓடுகளைச் சுமந்துகொண்டு ஏணியில் ஏறினார். கூரையின் உச்சியில் ஒரு தலை எதிரே எழும்பியது. அதன் கழுத்தில் விசில்.

"உங்க வக்கீலும் இதையேதான் சொன்னாரா?" என்றார் ரெஃப்ரி.

அன்றைக்கே ஆளுக்குப் பாதிக் கூரையை மாற்றினார்கள். மறுவாரம் ரெஃப்ரி சுண்ணாம்புப் பொடியோடு வந்து, வாசல் முதல் பின்கட்டு வரை மைதானத்துக்குப் போடுவதுபோல நேராக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டார். இடது பக்கம் கண்ணாடிக்கடைக்காரருக்கு, வலது பக்கம் அவருக்கு. இடது பக்கம் மஞ்சள் பெயிண்ட், வலது பக்கம் நீலம். யாருடைய தூரிகையாவது கோட்டைத் தாண்டினால் விசில் பறந்தது.

கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி துடைப்பத்தோடு ஒரு முறை தாண்டிவிட்டாள். ரெஃப்ரி மஞ்சள் அட்டையை உயர்த்திக் காட்டினார்.

"இன்னொரு தடவை வந்தா சிவப்பு!"

"அதையும் சேர்த்துக் குடுங்க. இந்தச் சன்னல் கதவு ஆடிட்டே இருக்கு, மடிச்சுச் சொருகணும்."

ரெஃப்ரியின் மனைவி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அன்று முதல் பெண்கள் இருவரும் கோட்டுக்கு மேலேயே டீ பரிமாறிக்கொண்டார்கள். ஆண்கள் இருவரும் முறைத்துக்கொண்டே குடித்தார்கள்.

வீட்டுக்காரர் புதுக் கண்ணாடியோடு நாற்காலியில் அமர்ந்து, இரு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சள் தம்பி, அந்த மூலையில திட்டு தெரியுதே. நீலத் தம்பி கொஞ்சம் முந்திட்டாப்ல தோணுது."

உடனே கண்ணாடிக்கடைக்காரர் கடைக்கு ஒரு வாரம் பூட்டுப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு மேடை கட்டினார். ரெஃப்ரி போட்டிகளுக்கு வர முடியாதென்று சொல்லிவிட்டுக் கதவுகளையெல்லாம் இழைத்தார். நீலம் முந்தியது, மஞ்சள் முந்தியது, மறுபடியும் நீலம் முந்தியது.

குளியலறையில்தான் வினை வந்தது. கோடு அதன் நடுவாகப் போனதால் ஆளுக்குப் பாதி தரைக்கு ஓடு பதித்தார்கள். என் பக்கம் தண்ணீர் நிற்கக் கூடாதென்று இவர் அந்தப் பக்கமாகச் சரித்தார். அவர் இந்தப் பக்கமாகச் சரித்தார். ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் நட்டநடுவில் அழகான குளம் உருவாயிற்று.

இரண்டு பேரும் அதன் கரையில் குந்தி உட்கார்ந்தார்கள்.

"எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு சார்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "மாசக் கடைசியும் வந்தாச்சு."

ரெஃப்ரி கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எனக்குக் கனவுலகூட சிமென்ட்தான் வருது. பேசாம வீட்டைச் சேர்ந்தே வாங்கிடுவோமா? முன்பாதி உங்களுக்கு, பின்பாதி எனக்கு. நம்ம வீட்டுக்காரிங்க எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க."

தரையைப் பெயர்த்து, இருவரும் சேர்ந்து ஒரே சரிவாகப் பதித்தார்கள். கோட்டை அழித்தார்கள். ஒன்றாகவே போய் வீட்டுக்காரர் முன் நின்றார்கள்.

அவர் மெல்ல எழுந்து ஒவ்வோர் அறையாக நடந்தார். கதவைத் தடவினார். குழாயைத் திறந்து மூடினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் சம்சாரம் இருந்தப்பகூட வீடு இப்படி இருந்ததில்லை தம்பி. இதை எப்படி நான் விப்பேன்? நீங்களே சொல்லுங்க."

அக்ரிமென்ட்டில் அதற்கும் வழி இருந்தது: அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் விற்க வேண்டியதில்லை. இருவருடைய அட்வான்ஸையும் ஒரு குறையும் இல்லாமல் கையில் வைத்துக் கும்பிட்டார். எதிரே நின்ற இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. கோபப்படவும் தோன்றவில்லை.

"பாவம், நல்ல மனுஷன்," என்றார் ரெஃப்ரி தெருவில் இறங்கியதும்.

"வீடுன்னா உயிரு அவருக்கு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர், மூக்கை உறிஞ்சியபடி.

பக்கத்து வீட்டு அம்மாள் மதில் மேலாக எட்டிப் பார்த்தார்.

"கிளம்பிட்டீங்களா தம்பி? போன வருஷம் வாங்க வந்த ரெண்டு பேரு கிணத்தைத் தூர் வாரினதோட சலிச்சு ஓடிட்டாங்க, நீங்கதான் மனசார வேலை செஞ்சீங்க. அடுத்த வருஷம் மாடி எழுப்பணும்னு சொல்லிட்டிருந்தாரு, வீடு தேடுற ஆளுங்க ரெண்டு பேர் தெரிஞ்சா அனுப்பி வைங்களேன்!"