பதினேழாம் சர்க்யூட்

“எல்லாம் எந்திரிச்சிருச்சு. பதினேழு மட்டும் எந்திரிக்கல” என்றான் கிரிதரன்.

காலை மணி பத்து இருபது. விளாங்குடியில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில் இருந்தது ‘வேகவலை பிராட்பேண்ட்’ என்ற அந்தச் சின்ன இன்டர்நெட் கம்பெனி. சுற்றியுள்ள நாற்பது பகுதிகளுக்கு அங்கிருந்துதான் லைன் போகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சர்க்யூட், ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒரு எண். நாற்பதையும் கட்டி மேய்ப்பது, மூலையில் ஏசிக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கும் சர்வர். அதுதான் ஐந்து நிமிடத்துக்கு முன்னால், கரண்ட் இருக்கும்போதே, யாரும் தொடாமலே, தானாக அணைந்து தானாக எழுந்திருந்தது.

பதினேழாம் சர்க்யூட், கீழக்குயில்குடி.

“அண்ணே, இன்னைக்கு வேற எந்த ஏரியா போனாலும் சமாளிச்சிருவேன். கீழக்குயில்குடி போகலாமாண்ணே?” என்றாள் முபீனா. புகார் போன்களை எடுப்பது அவள் வேலை. மேஜையில் மூன்று போன்களும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அன்று மதியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, அந்த வட்டார ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு ஆன்லைனில் டோக்கன் பதிவு திறக்கிறது. மொத்தம் முந்நூறு டோக்கன். முந்துகிறவருக்கு முந்தின நம்பர். கீழக்குயில்குடியிலோ மலை மறைப்பில் செல்போன் சிக்னல் ஒரு கோடு காட்டினாலே அதிசயம். அதனால் காளை வைத்திருந்த இருபத்தெட்டுப் பேரும் ஆதார் நகல், மாட்டு டாக்டர் சான்றிதழ், காளையோடு நின்று எடுத்த போட்டோ சகிதம் காலையிலேயே ஊர் பிரவுசிங் சென்டரில் கூடிவிட்டார்கள். அந்த சென்டருக்கு லைன் கொடுப்பது பதினேழு.

கிரிதரன் ஒரு போனை எடுத்தான்.

“தம்பி, நான் கீழக்குயில்குடி தங்கப்பொண்ணு, சென்டர் லேண்ட்லைன்ல இருந்து பேசுறேன். எங்க புல்லட்டுக்கு நெட்டு எப்ப வரும்?”

“புல்லட்டுக்கு நட்டா? அது மெக்கானிக் கடையில கேக்கணும்க்கா.”

“அடேய், புல்லட்டு எங் காளைப்பா!” போன் அதிர்ந்தது. “மூணு வருசமா பிள்ளையாட்டம் வளக்குறேன். போன ரெண்டு வருசமும் டோக்கன் கெடைக்கல. இந்தத் தடவையும் கெடைக்கலன்னா, மாட்டக் கொண்டாந்து உங்க ஆபீஸ்லயே கட்டிப்புட்டுப் போயிருவேன்.”

கிரிதரன் காளைக்குப் பத்தடி தூரத்தில்கூட நின்றவன் இல்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் உடம்பெல்லாம் ஒரு வேகம் ஏறியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சர்வருக்குள் இறங்கினான்.

மூன்றே நிமிடத்தில் பிழை சிக்கியது. கான்ஃபிகரேஷன் ஃபைலில் கீழக்குயில்குடிக்கும் பதினேழு, கோரிப்பாளையத்துக்கும் பதினேழு. ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் துண்டு போட்டால் கண்டக்டர் என்ன செய்வார்? சர்வர் ஒருவரை இறக்கிவிட்டது.

கோரிப்பாளையத்தின் சரியான எண் பதினாறு. நேற்று மாலை இதே ஃபைலைத் திறந்து ஏதோ திருத்தியவன் கிரிதரன்தான். அவனுக்கு வியர்த்தது. ‘நாமதான் ஆறுக்குப் பதிலா ஏழு அடிச்சிட்டமோ?’

முதலாளி பாண்டிராஜைக் கேட்காமல் ஃபைலில் கை வைக்க முடியாது. அவர் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காகத் திருச்சி போயிருந்தார். கிரிதரன் போன் போட்டான்.

“அண்ணே, ஒரே ஒரு நம்பர்ணே. மாத்துனா முடிஞ்சிரும்.”

“மாப்ள, கை வைக்காத!” என்று பதறினார் பாண்டிராஜ். “அது பச்சப்புள்ள மாதிரி. சடார்னு ஊசி போடக்கூடாது. மொதல்ல ரீபூட் பண்ணு, தன்னால சரியாகும்.”

“சரியாகாதுண்ணே, தப்பு ஃபைல்ல...”

“நீ எத்தன வருசமா இந்தத் தொழில்ல இருக்க?”

“ஆறு வருசம்ணே.”

“நான் இருபது வருசம். ரீபூட் பண்ணு.”

பண்ணினான். சர்வர் எழுந்தபோது, இரண்டு பேரையும் சண்டை போடாமல் ஒரே சீட்டில் உட்கார வைத்திருந்தது. கோரிப்பாளையமும் கீழக்குயில்குடியும் ஒரே வீடாகிவிட்டன. ஆனால் அந்த வீட்டிலிருந்து வெளியே போக வாசல் இல்லை. இரண்டு இடத்திலும் இன்டர்நெட் வரவில்லை.

அடுத்த போன் கோரிப்பாளையத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சேக் இஸ்மாயிலிடமிருந்து வந்தது.

“தம்பி, என் கடையில ஒரு பெரிய மனுசருக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன். சுவத்துல டிவியில எழுத்து ஓடும். ‘என்ன எழுத்து தெரியுது அத்தா?’ன்னு கேட்டேன். ‘மாடு தெரியுது’ங்குறாரு. கிளாஸ மாத்திப் போட்டேன். ‘இப்ப கொம்பும் தெரியுது’ங்குறாரு. பவர் எங்கயோ போயிருச்சுன்னு பயந்துபோயி திரும்பிப் பாத்தா, யா அல்லா, நெசமாவே டிவியில ஒரு காளை மண்ணக் கிளப்பிக்கிட்டு நிக்குது தம்பி!”

கிரிதரனுக்கு விளங்கிவிட்டது. உடனே இன்னொரு போனில் கீழக்குயில்குடி சென்டரைப் பிடித்தான். “தங்கப்பொண்ணுக்கா, இப்ப உங்க செல்லுல என்ன பண்ணுனீங்க?”

“சும்மா இருக்க நேரத்துல எல்லாருக்கும் புல்லட்டு வீடியோவக் காட்டுனேன். பெருசாத் தெரியட்டுமேன்னு டிவி மாதிரி இருந்த குறிய அமுக்குனேன். ஏன், தப்பா?”

“பெருசாத்தான்க்கா தெரியுது. கோரிப்பாளையத்துல.”

சேக் இஸ்மாயில் லைனில்தான் இருந்தார். “எடுத்துராதீங்க தம்பி. கடை வாசல்ல அம்பது பேரு நிக்கிறாங்க. விசில் பறக்குது. கண்ணு டெஸ்டுக்கு வந்தவரு கண்ணாடி இல்லாமலே முன்னால போயி நின்னுட்டாரு!”

பதினொரு மணிக்கு மறுபடி பாண்டிராஜ்.

“பாத்தியா, நீ எதையோ நோண்டியிருக்க” என்றார். “இனி ஒரே வழிதான். நாப்பது சர்க்யூட்டையும் அழி. ஒவ்வொண்ணாக் கையால அடி. நாப்பதுல ஆரம்பிச்சு ஒண்ணு வரைக்கும் வா.”

“ஒண்ணுக்கு மூணு நிமிசம் ஆகும்ணே. பதினேழுக்கு வாரப்ப பன்னெண்டே கால் ஆயிரும். பதினேழ மட்டும் மொதல்ல...”

“வரிசை தப்புனா சர்வர் வெடிச்சிரும் மாப்ள. எனக்குச் சிக்னல் விட்டு விட்டு வருது. வைக்கிறேன்.”

சர்வர் வெடித்ததாகக் கிரிதரன் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் தப்பு தன்னுடையது என்ற உறுத்தல் அவனை மீறவிடவில்லை. நாற்பதையும் அழித்தான். விளாங்குடி முதல் கோரிப்பாளையம் வரை மொத்த நெட்டும் போயிற்று. முபீனா மூன்று போன்களுக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னாள். “வரும்ங்க, வந்துரும்ங்க, வந்துக்கிட்டே இருக்குங்க!”

கிரிதரன் அடித்தான். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. பதற்றத்தில் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் எண்ணத் தொடங்கினான். விரல்கள் பறந்தன. இருபத்தாறை அடித்து முடித்தபோது கீழே தெருவில் பெரிய கூச்சல்.

எட்டிப் பார்த்தான். ஒரு மினி லாரியிலிருந்து இருபத்தெட்டுப் பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பதாவதாகப் புல்லட் இறங்கியது. மயிலைக்காளை. மதிலைப் போலத் திமில். பெயின்ட் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

தங்கப்பொண்ணு மூக்கணாங்கயிற்றைப் பெயர்ப்பலகைக் கம்பத்தில் கட்டிவிட்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். “ஊர்ல நெட்டு இல்லன்னா என்னா தம்பி, நெட்டு இங்கிருந்துதான வருது? இங்கயே பதிஞ்சுக்கிறோம்.”

“இங்கயும் இல்லக்கா.”

“நெட்டு ஆபீஸ்ல நெட்டு இல்லையா?”

“ஆபீஸு ஒண்ணாம் நம்பர் சர்க்யூட்டு. கடைசியிலதான் வரும்.”

இருபத்தெட்டுப் பேரும் அறைக்குள் நெருக்கி நின்றார்கள். யாரும் திட்டவில்லை. பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்த சான்றிதழ்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சர்வரையே பார்த்தார்கள். சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது.

“தம்பி,” என்றாள் தங்கப்பொண்ணு, குரலைத் தணித்து. “ஒங்களுக்குச் சரின்னு பட்டதச் செய்யிங்க. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்.”

கிரிதரன் அவளைப் பார்த்தான். முபீனாவைப் பார்த்தான்.

“செய்யிங்கண்ணே. முதலாளி கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்றாள் முபீனா.

அழிப்பதற்கு முன் எடுத்து வைத்திருந்த பழைய ஃபைலை அவன் ஒரே தட்டில் திரும்ப ஏற்றினான். கோரிப்பாளையத்துக்கு நேராக இருந்த ஏழை அழித்து ஆறு என்று அடித்தான். எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள்.

சிவப்பு. சிவப்பு. சிவப்பு. பிறகு பச்சை! வயலில் மடை திறந்ததுபோல மேலிருந்து கீழே நாற்பதும் பச்சை.

அறையில் எழுந்த குலவைச் சத்தத்துக்குப் புல்லட் கீழிருந்து பதில் கொடுத்தது. பதினொன்று ஐம்பத்தாறு. முபீனா கம்ப்யூட்டர் முன் பாய்ந்து உட்கார்ந்தாள். பதிவுப் பக்கம் திறந்தது. தங்கப்பொண்ணுவின் ஆதார் எண் ஏறியது, சான்றிதழ் ஏறியது, போட்டோ ஏறியது. பன்னிரண்டு ஆனதும் பொத்தானை அமுக்க வேண்டியதுதான்.

“இன்னும் எம்புட்டு நேரம்?”

“ஒரு நிமிசம்க்கா.”

“டக்” என்றது சர்வர். உறுமல் நின்றது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கரண்ட் இருக்கும்போதே, யாரும் தொடாமலே, தானாக.

கிரிதரன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். கடிகார முள் பன்னிரண்டைத் தாண்டியது. ஒரு நிமிடம். இரண்டு. “எந்திரிடா ராசா, எந்திரிடா” என்று யாரோ மாட்டிடம் பேசுவதுபோல சர்வரிடம் பேசினார்கள். நான்காவது நிமிடம் அது செருமிக்கொண்டு எழுந்தது. கிரிதரன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அண்ணே! நாப்பதும் பச்சைண்ணே!” என்று அலறினாள் முபீனா. “எதுவும் செய்யாமலே!”

அடுத்த இருபது நிமிடம் அந்த அறை வாடிவாசல் ஆனது. முபீனா அடிக்க, கிரிதரன் காகிதங்களை ஸ்கேன் பண்ண, பின்னாலிருந்து ஒருவர் பெயர் கூப்பிட, ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு ஆரவாரம். புல்லட்டுக்கு இருநூற்றுப் பதினான்கு. கடைசி ஆளுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இருபத்தெட்டுப் பேருக்கும் கிடைத்துவிட்டது.

தங்கப்பொண்ணு கிரிதரனைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போனாள். “தொட்டுப் பாருங்க, ஒண்ணும் பண்ண மாட்டான்.” ஒற்றை விரலால் திமிலைத் தொட்டான். சூடாக இருந்தது. புல்லட் அவன் சட்டைக் கையை நக்கியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அக்கா, ஒரு உண்மையச் சொல்றேன்” என்றான். “இம்புட்டுக்கும் காரணம் நாந்தான். நேத்து ஒரு நம்பரத் தப்பா அடிச்சிட்டேன். இல்லன்னா நீங்க எல்லாரும் மொத அம்பதுக்குள்ள வந்திருப்பீங்க. முதலாளி பாவம், விசேஷ வீட்டுல இருந்துக்கிட்டே வழி சொன்னாரு.”

“விடுங்க தம்பி. நம்பரா மாட்டப் பிடிக்கப்போகுது?” என்றாள் தங்கப்பொண்ணு.

இருபத்தெட்டுப் பேரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் முதலாளியின் கார் வந்து நின்றது. டிரைவர் சூரியபிரகாஷ் மட்டும் பெரிய லட்டு டப்பாவோடு இறங்கினான்.

“எல்லாருக்கும் குடுக்கச் சொன்னாருண்ணே!” என்றான் முகமெல்லாம் பல்லாக. “ஆயிரம் சொல்லுங்க, நம்ம முதலாளி மூளை யாருக்கும் வராது. திருச்சிக்குக்கூடப் போகாம, காலையில இருந்து அவரு வீட்டு மாடியில வேற கம்பெனி நெட்டப் போட்டுக்கிட்டு உக்காந்து, இந்தச் சர்வர்ல லேப்டாப்புலயே ஒரு நம்பர மாத்தி, ரெண்டு தடவ அணைச்சுப் போட்டு, சரியாப் பன்னெண்டு மணிக்கு அவரு காளைக்கு ஒண்ணாம் நம்பர் டோக்கன எடுத்துட்டாருல்ல!”