மரத்துக்கு அளவெடுத்தவர்

மார்ச் மாதம் மூன்றாம் தேதி காலை பத்தே கால் மணிக்கு, பதினேழு ஆப்பிள் மரங்கள் இருந்த ஒரு தெருவின் கடைசி வீட்டுக் கதவை அரசாங்கம் தட்டியது. திறந்தவர் அரை இஞ்ச். யார் சட்டைக்கு அளவு கொடுத்தாலும், "எதுக்கும் இருக்கட்டும்" என்று அரை இஞ்ச் கூடுதலாக விட்டுத் தைக்கும் தையற்காரர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் அவருக்கே ஞாபகம் வரும்.

அரசாங்கம் என்றால் இங்கே தோட்டத் துறை ஆய்வாளர். நேரே கொல்லைப்புறம் போய் மரத்தின் முன்னால் நின்றார். சந்தேக நபரைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார்.

"இது உங்க மரம்தானா?"

"ஆமாங்க சார்."

"இதோட மகரந்தம் சுவர் தாண்டுது."

"தாண்டுதுங்களா? நான் பார்த்ததில்லையே."

"நாங்களும்தான் பார்த்ததில்லை. புகார் வந்திருக்கு. தேனீ மூலமா தாண்டுதாம்."

"அப்ப தேனீயைப் பிடிக்கலாமே சார்?"

"தேனீ எங்க துறை இல்லை. கால்நடைத் துறைக்கு எழுதிக் கேட்டோம். பறக்கிறதால அவங்களும் ஏத்துக்க மாட்டேங்கிறாங்க."

புகாரின் பின்னணியைச் சொல்லிவிடவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத் துறை இயக்குநர் தன் வீட்டு ஆப்பிள் மரத்தடியில் நின்று சிரிக்கும் படம் பத்திரிகையில் வந்தது. அந்த வாரமே தெருவில் கௌரவமானவர்கள் அத்தனை பேரும் குழி தோண்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இதே ஆட்கள் மீன் தொட்டி வைத்திருந்தார்கள். அதற்கும் முந்தைய ஆண்டு தொப்பி போட்டுக்கொண்டு ஓடினார்கள். துறையும் மனமுவந்து ஆளுக்கு ஒரு கன்று தந்தது. எல்லாம் ஒரே ரகம். பெயர் 'துறைச் சிவப்பு'. மூன்றாம் ஆண்டே காய்த்துக் குலுங்கியது. தெருவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

தையற்காரர் வீட்டு மரம் இந்தக் கணக்கில் சேராதது. வீடு கட்டுவதற்கு முன்பே நின்றது. காய் சிறியது, பச்சை, கடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும் புளிப்பு. அவர் மனைவி அதில் ஜாம் காய்ச்சி, தெருமுனை பேக்கரிக்குக் கொடுப்பாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே ராஜ்யம் அந்த மரம்.

பக்கத்து வீட்டு வங்கி மேனேஜருக்குப் போன பருவத்தில் ஒரு துறைச் சிவப்பு புளித்துவிட்டது. பழுக்குமுன் பறித்தால் புளிக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. புளிப்பு என்றால் பக்கத்து மரம்தான் என்று புகார் எழுதினார்.

ஆய்வாளர் ஆணையை வாசித்தார். "மேற்படி அங்கீகாரமற்ற மரத்தைப் பதினைந்து நாட்களுக்குள் அகற்றவேண்டியது. அல்லது மகரந்தம் வெளியேறாவண்ணம் தக்க தடுப்பு ஏற்படுத்தவேண்டியது."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "மரம் போச்சுன்னா அன்னைக்கே நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் ரெண்டு பேரும் ஆணையைத் தின்னுங்க."

அவள் சொன்னால் செய்கிறவள் என்பது தையற்காரருக்குத் தெரியும்.

வேறு யாராவது என்றால் ஒரு பழைய போர்வையை எடுத்து மரத்தின்மேல் போட்டிருப்பார்கள். இவர் தையற்காரர். ஸ்டூல் போட்டு ஏறி, கழுத்திலிருந்த டேப்பை உருவி, மரத்துக்கு மார்பளவு எடுத்தார். பிறகு தோள், பிறகு கை.

"என்னங்க, மரத்தைப் போய் 'கையைத் தூக்கு'ங்கறீங்க?" என்றாள் மனைவி.

"வாய் தவறி வந்துடுச்சு. பழக்கம்."

"அப்படியே வயித்தை எக்க வேணாம்னும் சொல்லிடுங்க. பாவம், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

சாம்பல் நிறத் திரைத்துணியில் தைத்தார். நிமிர்ந்த காலர், முன்பக்கம் வரிசையாகப் பட்டன், கிளைக்கு ஒரு கை. வளர்கிற பிள்ளை என்று அரை இஞ்ச் கூடுதலாகவும் விட்டார். ஆய்வாளர் வந்து எல்லாப் பட்டன்களையும் கழற்றி மாட்டிப் பார்த்து, "தடுப்பு திருப்தி" என்று எழுதிக்கொண்டு போனார். மரம் பிழைத்தது. மனைவி, அக்கா வீட்டுக்கென்று எடுத்துவைத்த பெட்டியைத் திரும்பப் பரண்மேல் வைத்தாள்.

கதை இங்கே முடிந்திருக்கும், மேனேஜரின் மனைவி மாடிக்குத் துணி காயப்போட வராமல் இருந்திருந்தால்.

"ஏங்க, இங்க வாங்க! தையற்காரர் வீட்டு மரத்தைப் பாருங்க. எவ்வளவு லட்சணமா உடுத்தியிருக்கு! நம்ம மரம் மட்டும் நாலு பேர் பார்க்க அம்மணமா நிக்குது."

அன்று மாலையே மேனேஜர் வந்தார். "நமக்கும் ஒண்ணு தைக்கணும். துணி வெல்வெட்டா இருக்கட்டும். பாக்கெட் உண்டா?"

"மரத்துக்கு எதுக்குங்க பாக்கெட்?"

"உங்க மரத்துக்கு இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப எனக்குக் கண்டிப்பா வேணும்."

ஒரு வாரத்துக்குள் தெருவே உடுத்திக்கொண்டது. வக்கீல் மரத்துக்குக் கறுப்பு. டாக்டர் மரத்துக்கு வெள்ளை. காண்டிராக்டர் மரத்துக்கு ஜரிகை, அதுவும் இரண்டு வரிசை. இதைக் கேள்விப்பட்ட துறை, தான் சொல்லாமல் ஊரில் ஒரு நல்ல காரியம் நடப்பதைச் சகிக்க முடியாமல், முன்தேதியிட்டு ஒரு சுற்றறிக்கை விட்டது. இனி எல்லா ஆப்பிள் மரங்களும் ஆண்டு முழுவதும் உறையுடன் இருக்கவேண்டும். திறந்து பார்க்கத் துறையின் முன் அனுமதி வேண்டும்.

இதெல்லாம் நடந்தது பூக்கிற பருவத்தில். ஆப்பிள் பூ காயாகவேண்டுமானால், பக்கத்தில் வேறு ரகம் ஒன்றும் பூத்திருக்கவேண்டும். தேனீ இரண்டுக்கும் போய் வரவேண்டும். தெருவில் இருந்த ஒரே வேறு ரகம் அந்தப் புளிப்பு மரம். அத்தனை வீட்டுச் சிவப்புக்கும் அதுதான் ஆதாரம். தோட்டக்கலையில் இது முதல் பாடம். துறையில் பயிற்சியை இரண்டாம் பாடத்திலிருந்துதான் தொடங்குவார்கள்.

அந்த ஆண்டு தெருவில் ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. யாரும் அதைப் பேசவும் இல்லை. பேசினால் உறையைத் திறந்து பார்த்தது தெரிந்துவிடும். துறை அறிக்கை மட்டும் மகிழ்ச்சியோடு சொன்னது: "பூச்சித் தாக்குதல் இல்லை. பறவைச் சேதம் இல்லை. மகரந்தப் புகார் அறவே இல்லை. விளைச்சல், உறை காரணமாகப் பார்வையிட இயலவில்லை."

தையற்காரருக்குத் தலை நிமிர நேரமில்லை. பக்கத்துத் தெருக்காரர்களும் வந்தார்கள். மழைக்கு ஒரு உறை, வெயிலுக்கு ஒரு உறை, விருந்தாளி வந்தால் ஒரு உறை. மனிதர்களுக்குத் தைப்பதையே நிறுத்திவிட்டார். மரம் இறுக்குகிறது, தொளதொளக்கிறது என்று குறை சொல்வதில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், சிறந்த ஆப்பிள் மரத்துக்குப் போட்டி என்று துறை அறிவித்தது. போட்டிக்குத் தன் மரத்துக்குப் புது உறை தைப்பதற்காக, தையற்காரர் பல மாதம் கழித்துக் கொல்லைப்புறம் போனார். டேப்பைச் சுற்றினார். மார்பளவு பாதியாகக் குறைந்திருந்தது. பட்டனைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். சில்லென்று இரும்பு தட்டுப்பட்டது.

"இங்க வா! மரம் எங்க?"

மனைவி நிதானமாக வந்தாள். "அது ஏணி."

"அதான் தெரியுதே. மரம் எங்கன்னு கேக்கறேன்!"

"வெளிச்சம் இல்லாம, காத்து இல்லாம ஐப்பசியிலேயே பட்டுப் போச்சு. வெட்டிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மூணு தடவை சொன்னேன். 'இந்த ஆர்டர் முடியட்டும்'னீங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பயந்துகொண்டே கேட்டார்: "மரம் போனா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னியே..."

"போனேன். ஒரு மாசம் இருந்துட்டுத் திரும்பியும் வந்தாச்சு. நீங்க கவனிக்கலை."

"ஏன் திரும்பி வந்தே?"

"அங்கயும் ஒரு மரம் வெல்வெட்டுல நின்னுக்கிட்டிருந்துச்சு. தையலைப் பார்த்தேன். உங்க கை."

உறையை இழுத்து மூடிப் பட்டனைப் போட்டாள் அவள். "ஆய்வாளர் வந்தா மரம் இல்லைன்னு அதுக்கு ஒரு ஆணை எழுதுவாரு. அதான் ஏணியை நிறுத்தினேன்."

"ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமே. மேனேஜர் என்ன சொல்வாரு?"

"மேனேஜரா? போன மாசம் வெள்ளையடிக்க வந்த ஆள் ஏணி கேட்டு வீடு வீடா அலைஞ்சான். தெருவுல ஒரு வீட்டுலயும் ஏணி இல்லையாம். ஏன்னு கொஞ்சம் யோசிங்க."

தையற்காரர் யோசித்தார். பிறகு எழுந்து ஏணிக்குத் தோள் அளவு எடுத்தார்.

ஏப்ரல் பதினோராம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்குத் தெருவில் பரிசளிப்பு விழா நடந்தது. எல்லா வீட்டுக்காரர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதல் பரிசு தையற்காரர் வீட்டு மரத்துக்கு. இயக்குநர் நேரில் வந்து ஏணியின் மார்பில் பதக்கத்தைக் குத்தினார். அனைவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.