எடுத்த இடம்

ஹார்லன் முனை என்ற கடற்கரை ஊரில் எவரும் எழுதிவைக்காத, எவரும் மீறாத விதி ஒன்று உண்டு: ஒருவர் தம் அபலோனிச் சிப்பியை எந்தக் கடற்பாறையிலிருந்து எடுத்தார் என்று மற்றவர் கேட்கக் கூடாது. சம்பளத்தைக் கேட்கலாம். விவாகரத்துக்கான காரணத்தைக்கூடக் கேட்கலாம். பாறையைக் கேட்கக் கூடாது.

ஆகவே, அந்த ஞாயிற்றுக்கிழமை, அபலோனித் திருவிழா நடந்துகொண்டிருந்த தீயணைப்பு நிலையக் கூடத்தில், மிஸ் ஒக்காமுரா முத்துச் சான்றிதழ்ப் படிவத்தின் ஐந்தாம் வரியில் பேனாவை நிறுத்தி, "எடுத்த இடம்?" என்றபோது, வெண்டல் கோஸ்கலாவின் பின்னால் நின்ற வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தது.

"கடல்," என்றான் வெண்டல்.

"கடல் கொஞ்சம் பெருசு, மிஸ்டர் கோஸ்கலா."

அவள் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து முதன்முறையாக வந்திருந்த முத்து மதிப்பீட்டாளர். ஊரின் விதி அவளுக்குத் தெரிய நியாயமில்லை. அவள் முன் கிடந்த வெண்டலின் முத்தோ, கட்டைவிரல் நீளத்தில் கொம்புபோல் வளைந்து, பச்சைக்குள் நீலமும் நீலத்துக்குள் ரோஜா நிறமுமாகக் கண்விழித்துக்கொண்டிருந்தது. முந்தைய நாள் அவன் எடுத்த சிப்பியின் வயிற்றில் இருந்தது அது. மனைவி லோரீன் கறியை மிருதுவாக்கச் சுத்தியலை ஓங்கிய அந்தக் கணத்தில் வெண்டல் அதைக் கண்டு தட்டிப் பறித்திருந்தான்.

துறைமுக உணவகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஊரின் மிகச் சிறந்த முத்தும் அதை எடுத்தவர் பெயரும் அதில் இருக்கும். பத்தாண்டுகளாக அதில் இருப்பது லோரீனின் அண்ணன் டாவ்னோ ஹார்யுவின் பெயர். குடும்பமே கூடும் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்திலும் வான்கோழியை வெட்டுமுன் டாவ்னோ அந்த முத்தைப் பற்றி உரையாற்றுவான். உரை ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே வந்தது. மாலை ஐந்து மணிக்குள் சான்றிதழ் கிடைத்தால் பெட்டியில் பெயர் மாறும்.

"டாவ்னோ முத்துக்கு என்ன இடம் போட்டிருக்கு?" என்று கேட்டான் வெண்டல்.

"பசிபிக் பெருங்கடல்னு போட்டிருக்கு. அது எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. நான் அப்படி எழுதமாட்டேன். எடுத்த இடம் இல்லாம இயற்கை முத்துன்னு கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இருந்தா இது நாலாயிரம் டாலர். இல்லைன்னா அழகான கூழாங்கல்."

வரிசையில் இரண்டாவதாக நின்ற டாவ்னோ இருமினான்.

வெண்டலின் இடம் அவனுக்கு மட்டுமே தெரிந்தது: செத்துப்போன சைப்ரஸ் மரத்துக்கு நேர் கீழே, பிளந்த பாறையின் இடப்பக்க இடுக்கு. சனிக்கிழமைதோறும் தேவாலய வாசலில் வண்டியை நிறுத்தி, ரப்பர் உடையையும் நெம்புகம்பியையும் ஒரு கோல்ஃப் பையில் மறைத்து, ஒரு மைல் நடப்பான். ஊரில் கோல்ஃப் மைதானம் இல்லையே என்று இதுவரை எவரும் சுட்டிக்காட்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே ஒரு மனிதத் தலையை அவன் கண்டதில்லை. ஒருமுறை பாறைமேல் அழகாக மடித்துவைத்த துண்டு ஒன்றைக் கண்டபோதும், கடல்தான் எதையெல்லாம் ஒதுக்குகிறது என்று வியந்தானே தவிர, வேறொன்றும் நினைக்கவில்லை.

அந்த இடத்தை இத்தனை காதுகளுக்கு நடுவே சொல்வதா? சொல்லாமலே சான்றிதழ் பெறுவது என்று அவன் உறுதி பூண்டான்.

"ஆல்டர் ஓடை முகத்துவாரம்," என்றான்.

"நல்ல தண்ணி கலக்கிற இடத்துல அபலோனி உயிரோட இருக்காதே."

"அதாவது, அதுக்கு வடக்கே. நீள மணற்கரை."

"மணல்லயா? அது பாறையில ஒட்டுற பிராணி, சார்."

"மாப்பிள்ளை, அடுத்தது தபால் ஆபீஸ் மாடின்னு சொல்லிப் பாரேன்!" என்றான் டாவ்னோ. வரிசை சிரித்தது.

ஒக்காமுரா சிரிக்கவில்லை. உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தி முத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சிப்பியோட ஓட்டை அறுத்து மெருகு போட்டிருந்தா அடுக்குகள் ஓரத்துல வெட்டுப்பட்டுத் தெரியும். இதுல சுத்தி வளைஞ்சுதான் போகுது. ஆனா ரெண்டு இடம் சொன்னீங்க, ரெண்டும் பொய். கடையில வாங்கினதா?"

வரிசை வெண்டலைவிட்டு ஓரடி விலகியது. முத்து இல்லாதவன் என்ற பெயரோடு ஹார்லன் முனையில் வாழ்ந்துவிடலாம். முத்தை விலைக்கு வாங்கிவந்தவன் என்ற பெயரோடு வாழ முடியாது.

"நானே எடுத்தேன்!"

"அப்போ அது இருந்த ஓட்டைக் கொண்டுவாங்க."

மணி மூன்றரை. வீட்டு வேலிக்கு வெண்டல் ஓடினான். ஊரில் எல்லா வேலிகளையும் போலவே அதிலும் அபலோனி ஓடுகள் வரிசையாக அறையப்பட்டிருந்தன.

"லோரீன்! நேத்து ஓடு எங்கே?"

"வேலியில அடிச்சாச்சு."

"எந்த இடத்துல?"

"இருநூறு ஓட்டுல எதுன்னு எனக்கென்ன தெரியும்? உள்பக்கம் புடைப்பு இருக்கிறதாப் பார்த்துப் பிடுங்கு. இதைக் கேளு வெண்டல், இந்தத் தடவையும் உன் பேர் பெட்டியில ஏறலைன்னா, எங்கண்ணன் பேச்சை நீ தனியா உக்காந்து கேட்டுக்கோ. நான் வான்கோழியோட சமையலறையிலேயே இருந்துக்கறேன்."

புடைப்புள்ள ஓடு ஒன்று வேலியின் கடைக்கோடியில் அகப்பட்டது. பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

ஒக்காமுரா ஓட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். "இது பத்து வருஷம் வெயில்ல வெளுத்த ஓடு."

"அது என் வேலி ஓடு!" என்று பாய்ந்தான் டாவ்னோ. "என் முத்து இருந்த ஓடே அதான்! மாப்பிள்ளை, பக்கத்து வீட்டு வேலியிலயா கை வைக்கிற?"

இப்போது வெண்டல் பொய்யன் மட்டுமல்லன், திருடனும் ஆனான். எனினும் அவன் தளரவில்லை. "வேற வழி இருக்கா? இடத்தைச் சொல்லாம?"

"எக்ஸ்ரே எடுத்தா உள்ளே வளர்ந்த வளையங்கள் தெரியும். இயற்கையா இல்லையான்னு அது காட்டிடும். ஆனா இந்த ஊர்ல எக்ஸ்ரே எங்கே இருக்கு?"

கூடத்தின் மூலையில் வெண்ணெயில் அபலோனி வறுத்துக்கொண்டிருந்த பல் மருத்துவர் பிக்ஸ்பியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வறுவல் கருகிடும்யா," என்றார் அவர்.

நாலரை மணிக்கு மருத்துவர் ஏப்ரனோடு தம் மருத்துவமனையைத் திறந்தார். ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டியிலிருந்த டாவ்னோவின் முத்தையும் ஒக்காமுரா கையோடு எடுத்துவந்தாள். "என் முத்து எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டுமே," என்று முனகியபடியே டாவ்னோ பின்தொடர்ந்தான். நோயாளியின் நாற்காலியில், பஞ்சுமேல், இரு முத்துகளும் அருகருகே கிடத்தப்பட்டன.

"அசையாதீங்க," என்றார் பிக்ஸ்பி பழக்கதோஷத்தில்.

படச்சுருள் கழுவி வந்தது. வெண்டலின் முத்துக்குள், மரத்தின் வயது வளையங்களைப்போல, வளையத்துக்குள் வளையம். நடுவில் கொம்பின் வெற்றிடம்.

"இயற்கை முத்துதான்," என்றாள் ஒக்காமுரா. "சந்தேகமே இல்லை. மன்னிச்சுக்குங்க, மிஸ்டர் கோஸ்கலா."

வெண்டல் பன்னிரண்டு ஆண்டு மூச்சை ஒன்றாக விட்டான். "அப்போ கையெழுத்து?"

"அஞ்சாவது வரி காலியா இருந்தா கையெழுத்து செல்லாதே. இடம்?"

மணி நாலு ஐம்பது.

ஒக்காமுரா குனிந்தாள். ஒரு முத்தைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள், ஜன்னல் திரையை விலக்கிவிட்டு மீண்டும் பார்த்தாள். "விசித்திரமா இருக்கே. சிப்பி தின்ன பாசிக்குத் தக்கபடிதான் இந்த நிறம் வரும். பச்சை, நீலம், அடியில ரோஜா... ரெண்டும் ஒரே அச்சு. இது ரெண்டும் ஒரே பாறைன்னு நான் எழுதியே கொடுப்பேன்."

வெண்டல் மெல்லத் திரும்பி மைத்துனனைப் பார்த்தான். டாவ்னோ கூரையில் எதையோ தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"மச்சான்," என்று வாயெடுத்தான் வெண்டல். "உன் முத்து..."

விதி அவன் நாக்கைப் பிடித்து நிறுத்தியது. டாவ்னோவின் இருமல் உச்சத்துக்குப் போயிற்று. ஒக்காமுராவின் பேனா ஐந்தாம் வரியின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கடிகார முள் ஐந்தை நெருங்கியது.

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு மருத்துவர் பிக்ஸ்பி பொறுமையிழந்தார்.

"அங்கே என் வறுவல் கருகுது, இங்கே ஆளாளுக்குக் கூரையைப் பாக்கறீங்க! எங்கேய்யா எடுத்தே வெண்டல், செத்த சைப்ரஸுக்குக் கீழே, பிளந்த பாறை, இடப்பக்க இடுக்குலதானே? சனிக்கிழமைன்னா நீ கோல்ஃப் பையைத் தூக்கிட்டு வந்துடுவேன்னுதானே, நாங்க அத்தனை பேரும் மத்த ஆறு நாளைப் பங்கு போட்டுக்கிட்டோம்!"