பொறுபா பாயின் மல்லி அத்தர்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பொறுபா பாயிடம் திட்டு வாங்காமல் அத்தர் வாங்கிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. வந்தவனைக் கும்பிட்டு வியாபாரம் செய்கிற உலகத்தில், இவர் மட்டும் சைக்கிள் கேரியரில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்று ஊரையே ஏசினார். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அவர் விற்றது மல்லி அத்தர் ஒன்றுதான். மணிக்கட்டில் ஒரு பொட்டு வைப்பார். உடனே மூக்கைக் கொண்டுபோனால் போச்சு. "பொறுபா! இன்னா அவசரம்? இப்பதான் தோலுல எறங்கிக்கினு கீது. இப்ப கத்தும். மத்தியானம் பேசும். சாயங்காலம் மோந்து பாரு, பாடும்!" அந்தப் 'பொறுபா'தான் பெயராக நின்றுவிட்டது. சொந்தப் பெயர் எவருக்கும் தெரியாது.

மணிக்கட்டு இரண்டையும் சேர்த்துத் தேய்த்தவன் தொலைந்தான். "பூவக் கசக்கிட்டு மோந்து பாக்கறியே, நீ மனுசனா?" என்று பெட்டியை மூடிவிடுவார். ஒரு மிராசுதார் வழக்கம்போலப் பஞ்சில் நனைத்துக் காதில் செருகிக்கொண்டார். பாய் அந்தப் பஞ்சைக் காதிலிருந்தே பிடுங்கி எறிந்தார். "பஞ்சுல ரத்தம் ஓடுதா? ஒடம்புச் சூடு பட்டாத்தான்யா பூ மலரும்!" மிராசுதார் மணிக்கட்டை நீட்டினார்.

நான் அப்போது பத்திர ஆபீஸில் கிளார்க். கல்யாணமாகி ஆறு மாதம். மனைவி சரோஜாவைச் சந்தோஷப்படுத்தலாம் என்று ஒருநாள் காலையில் நானும் கையை நீட்டித் தொலைத்தேன். பத்து மணிக்கு அது மண்ணெண்ணெய் மாதிரி நெடி அடித்தது. ஹெட் கிளார்க் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மத்தியானம் நெடி அடங்கியது. ஆறு மணிக்கு வீட்டுப் படி ஏறும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுதான் தலையில் வைத்த மல்லிகைச் சரம்!

சரோஜா கதவைத் திறந்தாள். முகர்ந்தாள். முகம் மாறிவிட்டது.

"எனக்கு ஒரு மொழம் பூ வாங்கியாரத் துப்பில்ல. இது எவ தலையில இருந்த பூவு?"

"ஐயோ, அத்தர்டி!"

"அத்தர் எனக்குத் தெரியாதா? பக்கத்துல வந்தாலே தும்மல் வரும். இது பூவு. எவளோ வெச்சிருந்த பூவு!"

மறுநாள் முதல் பஸ்ஸில் தென்னேரிக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். என் கடிதம் எதற்கும் பதில் இல்லை. பதினோராம் நாள் மாமனாரிடமிருந்து கார்டு வந்தது. சீர்ப் பாத்திரங்களை எடுத்துப் போக வண்டி அனுப்புகிறாராம். செய்யாத தப்புக்கு இது என்ன அநியாயம்!

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். "பாய், உங்க அத்தரால என் குடித்தனமே போச்சு!" என்று கத்தி, நடந்ததைச் சொன்னேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

"பூவுன்னே சொல்லிச்சா அந்தப் பொண்ணு? நெசமாவா?"

எனக்கு அவரை அறைந்தால் தேவலை போலிருந்தது. ஆனால் மறுநாள் காலை, பெட்டியோடு என்கூடத் தென்னேரிக்கு பஸ் ஏறினார்.

அங்கே வந்து சமாதானம் பேசினாரா? இல்லை. மாமனாரைப் பார்த்து, "கைய நீட்டு நைனா" என்றார். ஒரு பொட்டு வைத்தார். அவ்வளவுதான். சாயங்காலம் வரை நாங்கள் எல்லோரும் மாமனாரின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமியார் மூக்கை நீட்டும்போதெல்லாம் "பொறும்மா!" என்று ஓர் அதட்டல். வந்த வீட்டிலுமா அதட்டுவது!

வெயில் தாழ்ந்தது. "இப்ப மோந்து பாரும்மா" என்றார். சரோஜா அப்பாவின் கையை முகர்ந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குள் மாமியாரும் முகர்ந்துவிட்டு, "இந்த வயசுல இது வேறயா ஒங்களுக்கு!" என்று மாமனாரை முறைத்தாள். அவர் பயந்துபோய்க் கையைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.

"தேய்க்காதய்யா!" பாய் அலறினார். "நல்லாப் பாடிக்கினு கீது, கயுத்த நெரிக்கிறியே பாவி!"

சரோஜா சிரித்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ் வரும்வரை பாய் எங்கள் குடும்பத்தில் ஒருவர் மூக்கையும் விடாமல் திட்டிக்கொண்டேதான் இருந்தார். நான் அந்தக் கோபக்கார மனிதரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.