ரிஜெக்ட் அண்ணாத்தேவின் பச்சைச் சீட்டு

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை, ரிஜெக்ட் அண்ணாத்தேவின் கண்ணில் தேறியது என்று எதுவும் கிடையாது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். பழுதான உருப்படிக்குச் சிவப்புச் சீட்டு, தேறியதற்குப் பச்சைச் சீட்டு. ஓய்வு பெற்ற பிறகும் இரண்டும் சட்டைப் பையிலேயே இருந்தன. கல்யாண நாளன்று மனைவி கிண்டிய கேசரிக்கே சிவப்புச் சீட்டு வைத்தார் என்று எங்கள் ஊரான சேக்காட்டில் பேச்சு.

அவர் மகள் ஜெனியும் என் மகன் அருணும் ஒரே சிறப்புப் பள்ளி. இருவருக்கும் எதுவும் மெதுவாகத்தான் பிடிபடும். பதினெட்டு முடிந்ததும் பள்ளி வழியனுப்பிவிட்டது. தொழில் கற்றுக்கொடுக்கும் நல்ல கல்லூரி கிடைக்காவிட்டால், மிச்ச வாழ்க்கை டிவி முன்னால்தான். நானும் அவரும் சேர்ந்தே தேடி அலைந்தோம்.

பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் முதல்வர் கம்ப்யூட்டர் அறையைக் காட்டினார். அண்ணாத்தே கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து ஆள் வைத்துக் கதவைத் திறந்தார்கள்.

"என்னாலயே தொறக்க முடில சார். எம்பொண்ணு இன்னா செய்வா?" என்று முதல்வர் கையில் சிவப்புச் சீட்டைக் கொடுத்தார்.

அடுத்தது அம்பத்தூரில். பளபளவென்ற கட்டடம். மாணவர்கள் செய்ததாக அலமாரி நிறைய மெழுகுவத்தி. நான் மயங்கிவிட்டேன்.

"ஒண்ணுல கூட கோணல் இல்ல. இத்த புள்ளைங்க செய்யல நைனா, வாத்தியாரு செஞ்சுகீறாரு. ரிஜெக்ட்."

"உங்களுக்கு எதுதான் அண்ணாத்தே புடிக்கும்?" என்று எரிந்து விழுந்துவிட்டு, அன்றே அருணை அங்கே சேர்த்தேன்.

வகுப்புக்கு வகுப்பு மின்சார மணி அலறும் இடம் அது. அருணுக்கு மணிச் சத்தமே ஆகாது. அதை விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. நான்காம் நாள் காதைப் பொத்திக்கொண்டு வேனில் ஏற மறுத்தவன், பிறகு வாசலையே தாண்டவில்லை.

ஜெனி இதற்குள் திருமழிசையில் பேக்கரி வேலை கற்றுத்தரும் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அண்ணாத்தே எதிர் டீக்கடையில் நாலு நாள் உட்கார்ந்து, சாயங்காலம் வெளியே வரும் பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்த்தாராம். தட்டில் நீட்டிய பிஸ்கட்டை விட்டு, உள்ளே போய் டிரேயிலிருந்து கருகிய ஒன்றைத் தின்றாராம். தினமும் ஜெனி தான் செய்த கோணல் பன்னை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். அடுத்தவன் வீடு, கார் எதற்கும் பொறாமைப்படாத எனக்கு அந்தப் பன்னைப் பார்த்தால் வயிறு எரிந்தது. அந்தக் குழந்தையின் சிரிப்புகூடப் பிடிக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

ஒரு மாதம் வீம்பாக இருந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"அருணுக்கு அங்க எடம் கெடைக்குமா அண்ணாத்தே?"

பையிலிருந்து கசங்கிய பச்சைச் சீட்டு ஒன்றை நீட்டினார். 'அருண். மணி கிடையாது. கை தட்டித்தான் கூப்பிடுகிறார்கள்' என்று எழுதியிருந்தது.

"ஜெனியச் சேத்த அன்னிக்கே ரெண்டு பேருக்கும் எடம் சொல்லி வெச்சுகீறேன். நானா வந்து சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. அதான் நீயா வரட்டும்னு பாத்துகினு இருந்தேன்."

இப்போது பிள்ளைகள் இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். என் பிள்ளையை என்னைவிட நன்றாகப் பார்த்து வைத்திருந்தாரே என்ற பொறாமை மட்டும் எனக்குத் தீரவே இல்லை. போன வாரம் அருண் தானே செய்த முதல் பன்னை எனக்குக் காட்டாமல் நேரே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். நானாக இருந்தாலும் அவருக்குத்தான் கொடுத்திருப்பேன்.